நீ பிணை நின்ற படிப்பு

நேற்றுப் பின்னேரம் உன் தங்கச்சி கெலிஓயாவிலிருந்து பஸ் ஏறி என் அறைக்கு வந்திருந்தாள். ஒரு கையில் பேங்க் படிவம், மறு கையில் நம் நீல அட்டைக் கொப்பி. உன் அலுமாரியில், சேலைகளுக்கு அடியில் கிடந்ததாம். விரித்ததும் பூச்சி உருண்டை வாசம் குப்பென்று அடித்தது. நீ கண்ணை மூடி ஒரு வருசம் ஆகப்போகிறது. உன் எழுத்து மட்டும் நேற்று எழுதினது மாதிரி இருக்கிறது.

இந்தக் கொப்பியில் நாம் கணக்குப் போட்டது உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வந்த வாரம். இருவருக்கும் பல்கலைக்கழகத்துக்குப் புள்ளி எட்டவில்லை. கண்டி மணிக்கூட்டுக் கோபுரத்தடிக் கடையொன்றில் பால் விடாத ஒரே பிளேன்டியை இரண்டு பேருமாகக் குடித்துக்கொண்டு, கொப்பியின் நடுவே கோடு போட்டாய். இடப்பக்கம் நீ: பல்லேகலயில் உடுப்புத் தைக்கும் கம்பனி, முதல் மாதமே சம்பளம். வலப்பக்கம் நான்: கடன் எடுத்துத் தனியாரிடம் டீச்சருக்கான கல்விமாணிப் படிப்பு, நாலு வருசம் வருமானம் சைபர், அதற்குப் பிறகு டீச்சர் சம்பளம். கூட்டிக் கழித்து, முப்பத்தைந்து வயதில் மொத்தச் சம்பாத்தியத்தில் நான் உன்னைப் பிடித்துவிடுவேன் என்று கண்டுபிடித்தாய். "அன்னைக்கு எனக்கு நீ ஒரு பட்டுச் சேலை எடுத்துக் குடுக்கணும்டி" என்றாய்.

அந்தக் கணக்கில் ஒரு பிழை இருந்தது. படிப்பு முடிந்த மறு மாதமே நியமனம் என்று எழுதிவிட்டோம். காத்துக் கிடந்த பட்டதாரி ஒருத்தியாவது நம் வீடுகளில் இருந்திருந்தால்தானே தெரியும்! டீச்சருக்குப் படித்தால் அரசாங்கம் வாசலில் வந்து கூப்பிடும் என்றுதான் நம் ஆட்கள் எல்லாரும் நினைத்திருந்தார்கள்.

பேங்கில் பிணைக்கு, சம்பளச் சீட்டு உள்ள ஆள் கேட்டார்கள். நம் இரண்டு வீட்டிலும் நாட்கூலி. உனக்கு வேலை நிரந்தரமாகும் வரை நான் ஒரு வருசம் பொறுத்திருந்தேன். அரை நாள் லீவு போட்டு வந்து கையெழுத்து வைத்தாய். கடனாளிக்கு என்ன உறவு என்ற கட்டத்தில் 'சகோதரி' என்று எழுதினாய். அப்பா பெயர் வேறாக இருக்கிறதே என்று அதிகாரி கேட்டார். "எழுதினது எழுதினதுதான் சார்" என்று நின்றாய். அந்த மனிதர் புதுப் படிவம் தந்து, 'நண்பி' என்று எழுத வைத்துத்தான் விட்டார். வெளியே வந்து நீ அவரைத் திட்டினதையெல்லாம் இங்கே எழுத முடியாது.

படிப்பு முடிந்து இரண்டரை வருசம் கழித்துத்தான் நியமனம் வந்தது. அதுவரை டியூஷன் கொடுத்தேன், அக்குறணையில் ஒரு துணிக்கடையில் கல்லாவில் காசு வாங்கிப் போட நின்றேன். எட்டு மாதம் தவணை கட்ட முடியவில்லை. பயந்துபோய் உன்னிடம் சொன்னேன். பேங்கில் பேசிவிட்டதாகவும் அவர்கள் பொறுப்பார்கள் என்றும் சொன்னாய். நானும் ஒரு மடைச்சி, நம்பினேன். பேங்கிலிருந்து வரும் கடிதத்தைப் பிரித்துப் பார்க்கவே பயந்தவள்தானே நான்.

நேற்றுத்தான் உண்மை தெரிந்தது. உன் தங்கச்சியும் இப்போது அதே படிப்புக்குக் கடன் கேட்கிறாள். உன் கம்பனியிலும் அவளுக்கு வேலை இருக்கிறதாம். பிணைக்குக் கேட்க வந்தவள் அதை விட்டுவிட்டுக் கொப்பியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள். கடைசியில்தான், "ஒங்களுக்காக அக்கா எட்டு மாசம் கட்டினாங்கன்னு அம்மா சொன்னாங்க. என்னால ஒங்களுக்கும் அப்படி ஆயிருமோன்னு பயமா இருக்கு" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. உன் மேல்தான். அந்த மாதங்களில் கண் சிவக்கச் சிவக்க ஓவர்டைம் செய்துவிட்டு வருவாய். ஏன்டி இப்படிச் சாகிறாய் என்று கேட்டால், வீட்டில் சும்மா இருந்து என்ன செய்ய என்பாய். காய்ச்சலோடும் லீவு போடாமல் வேலைக்குப் போகிற பழக்கம் அப்போதுதான் பிடித்ததா? போன வருசம் டெங்குக் காய்ச்சலோடு மூன்று நாள் மெஷினில் உட்கார்ந்திருந்தாயே, அந்தப் பழக்கத்திலா? யாரிடம் கேட்பேன் இதை?

அவளுக்கு என்ன சொல்வது? நாலாம் வகுப்புப் பிள்ளைகள் "மிஸ்" என்று ஓடிவரும்போது இந்தப் படிப்பை எதற்கும் கொடுக்க மாட்டேன் என்று இருக்கும். சம்பள நாளில், தவணை போக, உன் கைக்கு வந்ததை விடக் குறைவாக வருவதைப் பார்த்தால் ஏன்தான் படித்தேனோ என்று இருக்கும். காலையில் ஒரு புத்தி, பின்னேரம் ஒரு புத்தி. கொப்பியில் உன் பக்கம் இருபத்தெட்டு வயதோடு நின்றுவிட்டது. முப்பத்தைந்தில் நான் யாரைப் பிடிப்பது?

நாம் விட்ட பிழையை அவளுக்குக் காட்டினேன். காத்திருக்கும் வருசங்களை அவள் கையாலேயே எழுத வைத்தேன். பிறகு படிவத்தில் கையெழுத்து வைத்தேன். உறவுக் கட்டத்தில் 'சகோதரி' என்றுதான் எழுதினேன், திருப்பி அனுப்பினால் அனுப்பட்டும். திகதி போடவில்லை. படிப்பா வேலையா என்று முடிவெடுத்த பிறகு அவளே போட்டுக்கொள்ளட்டும்.

பஸ் ஏற்றும்போது அவளிடம் ஒன்று மட்டும் சொன்னேன். "நான் கட்ட வேண்டி வந்தா, ஒன்கிட்ட சொல்லிட்டுத்தான் கட்டுவேன்."

பேங்க் கடனை முடிக்க எனக்கு இன்னும் சில வருசம் இருக்கிறது, முடித்துவிடுவேன். உன் எட்டு மாதம் என்னிடமே இருக்கிறது. வாங்கிக்கொள்ள நீ இல்லை.