காட்டுக் கிடாவும் என் முழங்காலும்

ஐடஹோ,
நவம்பர் மாதம்.

அன்பு மகள் இடோயாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் ஏதோ நலமாக இருக்கிறோம், என் முழங்கால் மட்டும் நலமில்லை. அங்கே கனடாவின் யூகானில் நீ நலமா என்று கேட்கத் தேவையில்லை, நீ ஆராய்ச்சி செய்யும் காட்டு ஆடுகள் நலமாக இருந்தால் நீயும் நலமாகத்தான் இருப்பாய். உன் கடிதம் கிடைத்தது. எந்த ஆட்டுக்குக் கழுத்துப்பட்டி மாட்டினாய், எது குட்டி போட்டது, எதன் மூக்கிலிருந்து சளி எடுத்தாய் என்று பக்கம் பக்கமாக அவைதான். கடைசியில் இடம் மிஞ்சியதால் முழங்கால் எப்படி இருக்கிறது என்று அரை வரி. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு வயிறு எரிந்தது. நம் ஆடு இருமினால் எட்டிப் பார்க்க ஆளில்லை, அவை தும்மினால் ஹெலிகாப்டர் வருகிறது. போயும் போயும் ஆட்டைப் பார்த்தா பொறாமை என்று சிரிப்பாய், சிரித்துக்கொள்.

இங்கே நடந்ததைக் கேள். போன மாதம் மந்தையை, அரசிடம் மேய்ச்சல் அனுமதி வாங்கியிருக்கும் மலையிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தோம். நூறு வெள்ளை ஆட்டுக்கு ஒரு கறுப்பு ஆடு விட்டிருப்பதும், மாலையில் கறுப்பை மட்டும் எண்ணிவிட்டுப் படுப்பதும் உனக்குத் தெரியாததா. கறுப்பு எல்லாம் இருந்ததால் மேய்ப்பன் ஹிலாரியோ, "எல்லாம் இருக்கும்மா" என்று சொல்லிவிட்டான். ஆனால் வெள்ளையில் நாலைந்து மட்டும் தனியாகப் பாறைப் பக்கம் போயிருக்கின்றன. மறுநாள் அவை தாமாகவே திரும்பின, பின்னாலேயே ஒரு காட்டுக் கிடா. நான் முகாமுக்கு ரொட்டி கொண்டுபோயிருந்தேன், கண்ணால் பார்த்தேன். கொம்பு இன்னும் முழுச் சுற்று சுற்றாத இளவட்டம், நம் ஆடுகளோடு மூக்கை உரசிக்கொண்டு புது மாப்பிள்ளை மாதிரி நின்றான்.

உன் அப்பா, "வானத்தைப் பாத்து ரெண்டு வெடி வெச்சா ஓடிடுவான். யாரு பாத்தா? வெளிய சொன்னா மலை போச்சு" என்றார். இன்னொரு தடவை நம் ஆடும் காட்டு ஆடும் கலந்தால் மேய்ச்சல் அனுமதி ரத்து என்று வனத்துறையினர் போன வருஷமே எச்சரித்திருந்தார்களே. ஓடினால் எங்கே ஓடுவான், தன் கூட்டத்துக்குத்தானே. நம் ஆட்டை ஒன்றும் செய்யாத கிருமி அவன் மூக்கோடு போய், வசந்தத்தில் பிறக்கும் குட்டிகளை இருமி இருமிச் சாகவைக்கும் என்று நீதான் எழுதியிருந்தாய். அதைப் படிக்காமலாவது இருந்திருக்கலாம். இந்த முழங்காலோடு மேடேறி, சிக்னல் கிடைத்த இடத்தில் நின்று நான்தான் வனத்துறைக்குப் போன் செய்தேன். ஆட்கள் வந்து அவனை மந்தையிலிருந்து ஒதுக்கிச் சுட்டார்கள். வேறு வழியில்லை என்று உனக்கே தெரியும். அவன் ஓடக்கூட இல்லை இடோயா. இப்போது திருப்தியா என்று மனதுக்குள் உன்னைத் திட்டினேன், அழுதும் விட்டேன்.

மலை போய்விட்டது. பாதி மந்தையை விற்கப் போகிறோம். அடுத்த கோடையில் அங்கே பக்கத்துப் பண்ணை வெர்லினின் மாடுகள் மேயும், மாட்டால் அந்த நோய் வராதாம், கொடுத்துவைத்தவர்கள். அவன் மனைவி லாவோன் ஆறுதல் சொல்ல ஆப்பிள் கேக்கோடு வந்தாள். கேக் நன்றாக வேறு இருந்து தொலைத்தது. அப்பா என்னோடு பேசுவதில்லை, எல்லாம் நாய் மூலமாகத்தான். நேற்றுச் சாப்பிடும்போது, "பெல்ட்சா, உங்க எஜமானியம்மாகிட்ட உப்பு எங்கன்னு கேளு" என்றார். நானும், "பெல்ட்சா, அவரு மூக்குக்கு முன்னாடிதான் இருக்குன்னு சொல்லு" என்றேன். இன்று காலை அதே நாயிடம், "அந்தக் கிடாவோட கூட்டத்துல ஏதாச்சும் இருமுதான்னு நம்ம பொண்ணுக்கு எழுதிக் கேக்கச் சொல்லு" என்கிறார். பார்த்தாயா, அவருக்கும் அவைதான் முதலில். என் காலைப் பற்றி அந்த நாய்கூடக் கேட்கவில்லை.

கம்பளிக் காலுறை அனுப்பியிருக்கிறேன், நம் ஆட்டு ரோமம். உன் காட்டு ஆடுகள் உனக்குக் காலுறை தராது. காதை மூடிக்கொண்டு வெளியே போ, வேளைக்குச் சாப்பிடு, கர்த்தர் உன்னைப் பத்திரமாக வைத்திருக்கட்டும். ஒன்று மட்டும் மறக்காதே. உன் ஆடுகளுக்காக நான் மலையையே விட்டுக்கொடுத்திருக்கிறேன், அதனால் பதில் எழுதும்போது முதல் வரியில் என் முழங்காலை விசாரி. இங்கே காட்டு ஆடுகளைக் கவனிக்கும் உன் சிநேகிதர்களைக் கேட்டு, அந்தக் கூட்டத்தில் எதுவும் இருமவில்லை என்பதை இரண்டாவது வரியில் எழுது. நான் இரண்டாவது வரியைத்தான் முதலில் படிப்பேன்.

உன் அம்மா,
கிரேசியானா