முதல் எழுத்தை விழுங்கிய கணினி

செல்லூர், மதுரை
சனிக்கிழமை மாலை

அன்புத் தோழி முத்துச்செல்விக்கு,

ஸ்ரீவர்ஷினி எழுதுவது. நீயும் வீட்டில் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும். இந்தக் கடிதத்தில் நடந்ததையெல்லாம் உள்ளபடியே எழுதப் போகிறேன். உண்மையைச் சொல்கிறேன் என்றாலே உனக்கு என்மேல் கோபம் வரும் என்று தெரியும். இருந்தாலும் எனக்கு வேறு மாதிரி எழுத வராது.

இது உன் மடிக்கணினிக்குள்ளேயே இருக்கிறது. உன் அண்ணன் சங்கிலி மேலூர் கல் பட்டறையிலிருந்து லோடு ஏற்றிக்கொண்டு இன்று மதுரைக்கு வருகிறாராம். திரும்பும்போது பள்ளிக்கு வந்து கணினியை வாங்கிக்கொள்வதாகப் போனில் சொன்னார். அதனால் கணினி வகுப்பில் உட்கார்ந்து அவசரமாக அடிக்கிறேன். திருவாதவூரில் உன் வீட்டில் இந்தக் கணினியே இதை உனக்குப் படித்துச் சொல்லும்.

திங்கட்கிழமை உன் அப்பா உன்னுடைய டி.சி. வாங்க வருகிறார் என்று அலுவலகத்தில் பேசிக்கொண்டார்கள். நீ வேறு பள்ளியில் சேரப் போகிறாயா, படிப்பையே விடப் போகிறாயா என்று உன் சித்தியிடம் கேட்டேன். "அவ வாயவே தொறக்க மாட்டேங்குறா, நீயே கேளு" என்றார். கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

செய்முறைத் தேர்வு நாளை நான் மறக்கவில்லை. நீ அடிக்கிற ஒவ்வோர் எழுத்தையும் வாய்விட்டுச் சொல்லும் உன் கணினி அன்று சரியாகச் சொல்லவில்லை. "இது முத எழுத்த முழுங்குது சார். நிறுத்தி யோசிச்சு 'க' அடிச்சா ஒண்ணுமே சொல்ல மாட்டேங்குது. அடிச்சேனா இல்லையான்னே தெரியல" என்று நீ சொன்னாய். பால்பாண்டி சார் கணினியைத் தன் மேசைக்குக் கொண்டுபோய், சார்ஜரைச் சொருகி, ஒரு பாட்டை முழுச் சத்தத்தில் போட்டார். பாட்டு ஜோராகப் பாடியது. "இம்புட்டு நல்லாப் பாடுது, உனக்கு மட்டும் எப்படிம்மா கேக்காமப் போகும்? கண்ணுக்குத் துணையா காதும் லீவு போட்ருச்சா?" என்றார். வகுப்பே சிரித்தது. நான் எழுந்து, அவள் பொய் சொல்ல மாட்டாள் சார் என்றேன். "சரி, நீ பக்கத்துலதான இருக்க, உனக்குக் கேக்குதா, முழுங்குதா?" என்று கேட்டார். நான் காது கொடுத்துக் கேட்டேன். எதையும் விழுங்கவில்லை. "நல்லாத்தான் கேக்குது சார்" என்று சொன்னேன்.

உண்மையைத்தான் சொன்னேன், செல்வி. ஆனால் அதைச் சொன்னதும் நீ என் பக்கம் திரும்பினாய். அந்த முகத்தைத் தினமும் நினைத்துக்கொள்கிறேன். அவர்கள் சிரித்ததைவிட நான் சொன்னதுதான் உன்னை ஊருக்கு அனுப்பிவிட்டது என்று நினைக்கிறேன்.

நீ விட்டுவிட்டுப் போன கணினியைச் சாரிடம் கேட்டு எங்கள் வீட்டுக்குக் கொண்டுபோனேன். என் அண்ணன் விஜய்ஆனந்த் பெங்களூர் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறான் அல்லவா? அவனும் சார்ஜரைச் சொருகினான், பாட்டுப் போட்டான், ஒன்றுமில்லை என்றான். எங்கள் அப்பாவையும் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னோம். சுவருக்கு அந்தப் பக்கம் விசைத்தறி ஓடிக்கொண்டிருந்தது. "தறிச் சத்தத்தையும் மீறிக் கேக்குது, இதுக்கு மேல என்ன வேணும்?" என்று எங்கள் வீட்டுப் பாஷையில் சொல்லிவிட்டுப் போய்விட்டார். எங்கள் தெருவில் அதுதான் அளவு. தறியை மீறிக் கேட்டால் நல்ல சத்தம்.

போன வாரம் பராமரிப்புக்காகக் கரண்டை நிறுத்தினார்கள். எல்லாத் தறியும் ஓய்ந்துவிட்டது. எனக்குப் படிக்கவும் ஓடவில்லை. கண்ணை மூடிக்கொண்டு உன் கணினியில் நீ அடிப்பது போல ஓர் எழுத்து அடித்தேன். சத்தம் இல்லை. உடனே இன்னொன்று அடித்தேன், அதைச் சொன்னது. கொஞ்சம் பொறுத்து மறுபடி அடித்தேன், மறுபடி சத்தம் இல்லை. "அண்ணா, முழுங்குது, முழுங்குது!" என்று நான் கத்தியதில் அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்து, யார் எதை விழுங்கியது என்று என் வாயைத் திறந்து பார்த்தார்.

பிறகுதான் அண்ணனுக்குப் பிடிபட்டது. கணினிக்குள் எல்லாவற்றுக்கும் அடியில் ஓடுவது கெர்னல். அதில் ஒலி அட்டையோடு பேசுவதற்கென்று இருக்கும் பகுதிக்கு டிரைவர் என்று பெயர். பேட்டரியில் ஓடும்போது சிறிது நேரம் சத்தம் இல்லையென்றால், மின்சாரத்தை மிச்சம் பிடிக்க டிரைவர் அட்டையைத் தூங்க வைத்துவிடும். அடுத்த எழுத்து வந்ததும் எழுப்பும். அட்டை "எழுந்துட்டேன்" என்று பதில் சொல்லும். ஆனால் எழுந்திருக்காது. காலையில் அம்மா கூப்பிடும்போது நான் படுத்தபடியே சொல்வேனே, அதே மாதிரிதான். டிரைவர் அதை நம்பிச் சத்தத்தை அனுப்பிவிடும். அது முழுதாக விழிப்பதற்குள் உன் 'க' போய்விடும். பாட்டில் அந்தத் துளி குறைந்தால் யாருக்குத் தெரியும்? சார்ஜரைச் சொருகினாலோ அது தூங்குவதே இல்லை. உன் இடத்துக்குப் பக்கத்தில் பிளக் இல்லை. நீ எப்போதும் பேட்டரியில்தான் வேலை செய்தாய். நாங்கள் எல்லோரும் சார்ஜரைச் சொருகிவிட்டுத்தான் சோதித்தோம்.

அண்ணன் டிரைவரில் அங்கங்கே குறிப்பு எழுத வைத்து, அட்டை எப்போது பதில் சொல்கிறது, எப்போது உண்மையில் விழிக்கிறது என்று பார்த்தான். இந்த வகை அட்டை என்றால் கொஞ்சம் காத்திரு என்று ஒரு வரி சேர்த்தான். முதலில் கெர்னலே எழும்பவில்லை. இரண்டாவது முறை சத்தம் அடியோடு போனது. அதற்கடுத்த முறை சரியாக வந்தது. "இவ்வளவு சின்ன விஷயத்துக்கா ஒரு பிள்ளை பள்ளிக்கூடத்தை விட்டுப் போச்சு?" என்றான்.

பால்பாண்டி சாரிடமும் காட்டினேன். அவரே சார்ஜரைப் பிடுங்கி, இயர்போன் மாட்டி, பழைய கெர்னலில் ஒரு முறை கேட்டார், புதியதில் ஒரு முறை கேட்டார். "அந்தப் புள்ள சொன்னப்பவே சார்ஜரப் பிடுங்கியிருக்கணும்" என்றார். பிறகு, "நான் ஊருக்கு வந்து பேசுனா அவுக அப்பா நின்னு கேப்பாரா?" என்று என்னிடம் கேட்டார். தெரியவில்லை சார் என்றேன். வகுப்பில் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்பதாகச் சொன்னார். "அவ இருக்கறப்பத்தான் கேக்கணும், இல்லாட்டி அதுல அர்த்தமில்ல" என்றும் சொன்னார்.

இன்னும் ஒன்று. இந்தத் திருத்தத்தைக் கெர்னலைப் பராமரிப்பவர்களுக்கு அண்ணன் அனுப்ப வேண்டும். ஏற்றுக்கொண்டால் இதே அட்டை இருக்கிற எல்லோருக்கும் போய்ச் சேருமாம். அதில் சோதித்துப் பார்த்தவர் பெயர் என்று ஒரு வரி உண்டு. "உன் பேரைப் போடவா?" என்று அண்ணன் என்னைக் கேட்டான். வேண்டாம் என்றேன். என் காது ஒரு முறை நன்றாகக் கேட்கிறது என்று சொல்லிவிட்டது. அதை இனி நம்பக் கூடாது. அந்த வரி காலியாக இருக்கிறது.

சார்ஜரைச் சொருகாமல் ஒரு 'க' அடித்துப் பார், செல்வி. முழுதாகச் சொன்னால் திங்கட்கிழமை உன் அப்பாவோடு நீயும் வா. சொல்லாவிட்டாலும் வா. எங்கே விழுங்குகிறது என்று நீதான் காட்ட வேண்டும். என்னோடு பேச வேண்டாம் என்றாலும் பரவாயில்லை, பக்கத்தில் மட்டும் உட்கார். பிளக் இருக்கிற பெஞ்சை உனக்காகக் கேட்டு வாங்கியிருக்கிறேன்.

உன் வருகைக்காகக் காத்திருக்கும்,
ஸ்ரீவர்ஷினி

பின்குறிப்பு: சங்கிலி அண்ணன் வாசலுக்கு வந்துவிட்டார். பூட்டுவதற்கு வந்த காவலாளி நல்லகாமன் அண்ணன், "இன்னுமா அடிக்கிற, கெளம்பு தாயி" என்கிறார். இந்தக் கடைசி வரிகளைத் திரையைப் பார்க்காமல், ஒவ்வோர் எழுத்தையும் காதால் கேட்டுத்தான் அடிக்கிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள். விளக்கை அணைத்துவிட்டார்கள்.