நான் கொண்டு வந்த மாம்பழக் கூடைகள்

சம்பந்தியம்மா,

இன்று காலை என் மகள், உங்கள் மருமகள், ஒரு கொய்யாப்பழத்தை நறுக்கிப் பாதியை என் தட்டில் வைத்தாள். மறுபாதியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். எனக்கும் இப்போது எடை குறைய வேண்டுமாம். டாக்டர் ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறார். சோறு ஒரு கரண்டி, கீரையும் காயும் அதற்கு இரண்டு பங்கு, பழம் கைப்பிடி அளவு, அதையும் மென்று தின்ன வேண்டும், சாறாகக் குடிக்கக் கூடாது. மகள் வாசிக்க வாசிக்க, கொய்யா வாசனையோடு உங்கள் குரலும் சேர்ந்து வந்தது. அந்தத் தாளில் எனக்குப் புதிதாக ஒரு வரி இல்லை. எல்லாம் நீங்கள் என் எதிரே உட்கார்ந்து சொன்னவை.

தொண்ணூறுகளின் கடைசியில் கல்யாணம் முடிந்து மறுவீட்டு விருந்துக்கு எங்கள் ஊருக்கு வந்தீர்கள். நீங்கள் மதுரைப் பக்கத்திலிருந்து வீட்டுக்காரர் உத்தியோகத்துக்காக வந்து கல்பாக்கம் குவார்ட்டர்ஸில் இருந்தவர்கள். நாங்கள் திருக்கழுக்குன்றத்துக்குப் பக்கத்தில் நெல்லும் தர்ப்பூசணியும் போடுகிறவர்கள், வீட்டைச் சுற்றி நாலு மாமரம். இலையில் பதினாறு வகை வைத்தேன். நீங்கள் ஒரு கை சோறு, நிறையக் கூட்டு, ஒரு வாழைப்பழத்தில் பாதி. அதோடு இலையை மடித்துவிட்டீர்கள். எங்கள் ஜனம் மொத்தமும் பார்த்தது.

பின்கட்டில் என் ஓரகத்தி எல்லார் காதிலும் விழும்படி சொன்னாள், "இன்னாக்கா, உன் சம்பந்திக்கு நம்ம வூட்டு சோறு எறங்கல போல கீதே. டவுன்ஷிப்பு நாக்கு."

அவளோடு நான் இன்றுவரை பேசுவதில்லை. ஆனால் அவள் சொன்ன சொல்லை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டேன்.

நீங்கள் அன்றைக்கே என் கையைப் பிடித்துச் சொன்னீர்கள். "தப்பா நெனைக்காதீங்க சம்பந்தி. முட்டி தேஞ்சு போச்சு. பத்துக் கிலோ கொறைச்சாத்தான் ஆபரேசன்னு டாக்டர் சொல்லிட்டாரு. இந்தா தெரியுதுல்ல மலை, அதுல ஒரு தடவையாச்சும் என் காலால ஏறணும்." எங்கள் வாசலில் நின்றால் வேதகிரி மலை தெரியும். நான் மாதம் ஒரு முறை ஏறுகிறவள். அந்த ஆசை உங்களுக்கு எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. சாக்குச் சொல்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருந்தது.

அடுத்த ஆறு மாதம் நீங்கள் பிடித்த பிடியை மகள் வந்து சொல்லுவாள். காலையில் கடற்கரை ரோட்டில் மெல்ல மெல்ல நடை. மதியம் சோற்றைக் குறைத்துக் கீரையும் சுண்டலும். பழம் வாங்கினால் ஒன்றை நாலாக நறுக்கி, வீட்டில் இருப்பவர்களுக்கெல்லாம் கொடுத்துவிட்டுத் தனக்கு ஒரு துண்டு. நாலு கிலோ இறங்கிவிட்டது என்றாள். "அத்தைக்கு மொகமே மாறிப்போச்சும்மா" என்று அவள் சந்தோஷப்பட்டபோது எனக்கு எரிந்தது.

மாங்காய் பழுத்தது. முதல் கூடையைத் தூக்கிக்கொண்டு நானே பஸ் ஏறி வந்தேன். கொடுத்தனுப்பினால் நீங்கள் பங்கு போட்டுவிடுவீர்கள். சம்பந்தி எதிரே உட்கார்ந்திருந்தால் தின்றாக வேண்டும், அதுதான் நம் வழக்கம். ஒன்று தின்றீர்கள். இன்னொன்றை நறுக்கினேன்.

"போதும் சம்பந்தி. பழம்னாலும் அளவு இருக்குல்ல."

"பழம் இன்னா பண்ணும்? எண்ணெயா, நெய்யா? வெறும் தண்ணி."

அதற்கும் நீங்கள் சிரித்தபடி கையை மூடிக்கொண்டபோது, நான் சமையலறைப் பக்கம் திரும்பி, மகளிடம் பேசுவது போல உங்களுக்குச் சொன்னேன். "எங்க வூட்டுது இவங்களுக்கு ஆவாது போல. எடுத்துனு போயி மாட்டுக்குப் போட்டுர்றேன்." மகளின் முகம் செத்துப்போனது. நீங்கள் அதைப் பார்த்தீர்கள். கையை நீட்டி இரண்டாவது பழத்தை வாங்கிக்கொண்டீர்கள். மருமகள் மனசு நோகக் கூடாது என்று தின்கிறீர்கள் என்பது எனக்கு அந்த நிமிஷமே புரிந்தது. எங்கே தட்டினால் திறக்கும் என்று தெரிந்துகொண்டேன்.

அப்புறம் வாரத்துக்கு ஒரு நடை. மாம்பழம் ஓய்ந்தால் பலாச்சுளை, அது போனால் சப்போட்டா. பால் ஊற்றி அடித்துச் சொம்பில் கொடுத்தேன். மழைக்காலத்தில் கேழ்வரகு மாவு. "அரிசிதான வாணாம்னாரு டாக்டரு? இது சத்து" என்று வெல்லம் போட்டு அடை தட்டி வைத்தேன். "கேழ்வரகுனாலும் நாலு அடை நாலு அடைதானே சம்பந்தி" என்று சொல்லிக்கொண்டே தின்றீர்கள். இறங்கின நாலும் ஏறி, மேலே ஐந்தும் ஏறியது. சர்க்கரையும் வந்து சேர்ந்தது. ஆபரேஷனைத் தள்ளி வைத்தார்கள், இன்னொரு முறையும் தள்ளி வைத்தார்கள். அப்புறம் நீங்களே அந்தப் பேச்சை விட்டுவிட்டீர்கள். கடற்கரை ரோட்டுக்குப் போவதும் நின்றது.

ஒரு நாள் மகள் பஸ் ஸ்டாண்டு வரை கூடவே வந்தாள். "அம்மா, நிறுத்திக்கோ. அத்தையால கக்கூஸுக்கு நடக்க முடில. உனக்கு இன்னாதான் வேணும்?"

"பழம் துன்னு எவளாவது செத்தாளாடி?" என்று கேட்டேன். கேட்டுவிட்டு பஸ் ஏறிவிட்டேன்.

நெஞ்சு வலி என்று செங்கல்பட்டில் சேர்த்தபோது ஓடி வந்தேன். டாக்டர் பல காரணம் சொன்னார். பழத்தையும் என்னையும் யாரும் சொல்லவில்லை. சாயங்காலம் பார்வையாளர் நேரத்தில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்தேன். கைகள் வீங்கி, வளையல் ஏற்கெனவே கழற்றப்பட்டிருந்தது. இலையைப் பாதியில் மடித்த அந்த நாளைப் பற்றிப் பேசிவிட வேண்டும் என்றுதான் வந்தேன். நீங்கள் முந்திக்கொண்டீர்கள்.

"எம்புட்டுப் பிரியம் சம்பந்தி உங்களுக்கு. அம்புட்டுத் தூரம் பஸ்ஸுல கூடையத் தூக்கிட்டு வாரம் தவறாம வந்தீங்க. எங்கூடப் பொறந்தவகூட அப்படிச் செஞ்சதில்ல. அதுதான் வேணாம்னு சொல்ல வாய் வரல."

அது பிரியம் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். பாதிப் பழத்துக்கு நான் மனசில் வைத்த கறுவம், வஞ்சம் என்று சொல்லியிருக்க வேண்டும். நீங்கள் திட்டியிருப்பீர்கள், இல்லை முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பீர்கள், எனக்குச் சேர வேண்டியது அதுதான். கட்டிலின் அந்தப் பக்கம் மகள் நின்றாள். அவளுக்கு எல்லாம் தெரியும். என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் "ஆமாம்" என்று தலையை ஆட்டினேன்.

நீங்கள் கண்ணை மூடிக்கொண்டீர்கள். அன்று ராத்திரியே போய்ச் சேர்ந்துவிட்டீர்கள். மகள் அந்த 'ஆமாம்' பற்றி இன்று வரை என்னைக் கேட்டதில்லை. யார் யார் என்னை என்ன சொன்னார்கள் என்று ஒன்று விடாமல் ஞாபகம் வைத்திருக்கிறவள் நான். அத்தனையையும் மறந்துவிட்டால் கூட, நீங்கள் பிரியம் என்று சொன்ன அந்த ஒரு வார்த்தையை என்னால் இறக்கி வைக்க முடியாது.