திருத்தாத பக்கங்கள்

அன்புள்ள மகளுக்கு,

மார்ச் ஒன்பது. இன்று எனக்கு எழுபத்தொன்பது வயது, நான்கு மாதம், ஆறு நாள்.

தனியாக இருந்தது போதுமென்று, ஞாயிற்றுக்கிழமை வண்டியோடு வந்து என்னை உன் வீட்டுக்கு அழைத்துப்போவதாகச் சொன்னாய். நீ புறப்படுமுன் இதைப் படித்துவிடு.

மனம் லேசாக, தினமும் காலையில் நோட்டில் எதையாவது எழுதச் சொன்னவள் நீதான். "என்னம்மா எழுதுற? எங்களத் திட்டித்தானே?" என்று தொலைபேசியில் சிரித்தாய். "உன்னைத் திட்டி முடிச்சாச்சுடி, இப்ப உங்கப்பா முறை" என்றேன். அது உண்மை.

கல்லூரியில் தத்துவ விடைத்தாள்களைத் திருத்தியே வாழ்ந்தவள் நான். என் நினைப்பைக்கூடத் திருத்திவிட்டுத்தான் நினைப்பேன். காலையில் எழுதும் இந்தப் பக்கங்களை மட்டும் திருத்தவில்லை. அதனாலோ என்னவோ, குறைகளெல்லாம் கொட்டித் தீர்ந்தன. போன வாரம் ஒரு காலை பேனா தானாக நின்றது. எனக்குள் குறை சொல்கிறவளைக் காணோம். குழாய் சொட்டியது, பக்கத்து வீட்டில் ஏதோ பாத்திரம் உருண்டது. அதையெல்லாம் கேட்டுக்கொண்டு ஒன்று இருந்தது. ஐந்து வயதில் எனக்குள் விழித்திருந்ததும் அதுதான்; அதற்கு ஒரு நாள்கூட வயதாகியிருக்கவில்லை. வகுப்பில் அதற்குப் பெயர் சொல்லிச் சொல்லியே சம்பளம் வாங்கியவள், ஒரு பெயரும் நினைவுக்கு வராமல், மெய்சிலிர்த்து வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அதற்குப் பிறகு உன்னிடம் எதையும் ஒளிக்கத் தோன்றவில்லை. உனக்குத் தெரிந்தால் மறுநாளே வண்டி வரும் என்ற பயத்தில்தான் இதைச் சொல்லாமலிருந்தேன். போன மழைக்காலம் முதல் என் கண்ணுக்கு வெளிச்சம் தெரிகிறது, எழுத்து தெரிவதில்லை. எழுதிய ஒரு பக்கத்தையும் நான் படித்ததில்லை. வரி தப்பாமலிருக்க விரலை வைத்துக்கொண்டு எழுதும் இந்தக் கடிதத்தையும்தான்.

உன் அம்மா