அப்பாவின் மேஜைக்கு நான் எழுதிய பட்டியல்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டுதான் பேனாவை எடுக்கிறேன். இங்கே எல்லோரும் நலம் என்று வழக்கம்போல எழுதக் கை வரவில்லை. பதறாதே, அப்பா நன்றாகத்தான் இருக்கிறார், முன்னறையில் உட்கார்ந்து செய்தித்தாளைத் திட்டிக்கொண்டிருக்கிறார். எனக்குத்தான் உன்னிடம் சொல்லியாக வேண்டிய ஒன்று இருக்கிறது. போனில் சொல்லலாமென்றால் இப்போதெல்லாம் ஸ்பீக்கரில் போடச் சொல்லிப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார்.

அவர் ரேடியோ ரிப்பேர் செய்யும் மேஜையைச் சீர்படுத்த நீ போன மாதம் வரிசையாக யோசனை சொன்னாயே, அவருக்குப் போனில் பாதி காதில் விழாது என்று நான்தான் நோட்டில் எழுதினேன். ரப்பர் விரிப்பு, பூதக்கண்ணாடி வைத்த விளக்கு, ஈயம் பற்றவைக்கும் சால்டரிங் அயர்னுக்கு ஒரு தாங்கி, மேஜைக்கென்று தனி சுவிட்சு, உடம்பில் சேரும் நிலைமின்சாரம் இறங்கிப்போக மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் எர்த் பட்டை. ஒன்று விடாமல் செய்தார். காலி மருந்து டப்பாக்களில் திருகாணிகளை அளவுவாரியாகப் பிரித்துப் பெயர்ச்சீட்டு வேறு ஒட்டினார், இந்த ஒழுங்கைத் துணி அலமாரியில் என்றைக்காவது காட்டியிருப்பாரா மனுஷர்! பட்டையைக் கடையில் வாங்காமல், பழைய கைக்கடிகாரச் சங்கிலியில் செம்புக் கம்பியைச் சுற்றி மறுமுனையை நேராக எர்த்தில் மாட்டினார். "பொண்ணு சொன்னா, நான் செஞ்சேன்" என்று பால்காரரைக் கூட உள்ளே கூப்பிட்டுக் காட்டினார்.

பத்து நாளைக்கு முன்னால் காலை பதினோரு மணி இருக்கும். மாடி வீட்டுக்காரரின் ரேடியோவைத் திறந்துவைத்து, அந்தப் பட்டையோடேயே கரண்ட் போட்டுப் பார்த்திருக்கிறார். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். ஸ்டூல் உருண்ட சத்தம் கேட்டு ஓடினால், மேஜையில் ஒட்டினாற்போல நிற்கிறார், வாய் ஒரு பக்கம் இழுத்திருக்கிறது, சத்தமே வரவில்லை. ஐயோ, தொடத்தான் போனேன், எப்படியோ சுதாரித்து அந்தத் தனி சுவிட்சைத் தட்டினேன். என் மேலேயே சாய்ந்தார். ஒரு நாள் முழுக்க ஆஸ்பத்திரியில் நெஞ்சில் ஒயரை ஒட்டி வைத்துப் பார்த்துவிட்டு, இதயத்துக்குப் பழுதில்லை என்று டாக்டர் அனுப்பினார். இடது மணிக்கட்டைச் சுற்றி வளையம்போலத் தீய்ந்திருக்கிறது. இந்த வெயிலில் எதற்கப்பா முழுக்கைச் சட்டை என்று வீடியோவில் கேட்டாயே, அதற்குத்தான்.

அப்புறம் எலக்ட்ரீஷியனை வரவழைத்தேன். பட்டையைப் பார்த்ததும் அவருக்கு முகமே மாறிவிட்டது. "நடுவுல கரண்டைத் தடுக்க ஒரு ரெசிஸ்டர் போட்டாகணுங்க, அதோட கரண்ட்ல இருக்கிற சாமானைத் தொடும்போது பட்டையே கட்டக் கூடாது, யார் இப்படிச் செய்யச் சொன்னது?" என்று கேட்டார். அப்பா கூசாமல், "நானாத்தான் செஞ்சேன்" என்றார். எலக்ட்ரீஷியன் போன பிறகு என்னிடம், "பாப்பா சொல்ல மறந்துட்டா போல. அவகிட்ட வாயைத் திறந்துடாதே, ஒடிஞ்சு போயிடுவா" என்றார். நோட்டில் அது இல்லை, ஆகவே நீதான் மறந்தாய் என்று அவர் கணக்கு. முப்பது வருஷம் ஆபீசில் அதிகாரி சொல்லச் சொல்லச் சுருக்கெழுத்து எடுத்தவள் நான், ஒரு வரி விடுவேன் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

நீ மறக்கவில்லை கண்ணு. நீ பட்டையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கும்போது அடுப்பில் பால் பொங்கியது. போனைக் காதில் வைத்தபடியே ஓடினேன், உம் உம் என்று கேட்டேன், அப்புறம் எழுதிக்கொள்ளலாம் என்று அடுப்பைத் துடைத்தேன். திரும்பி வந்து உட்கார்ந்தபோது நீ அடுத்ததற்குப் போய்விட்டாய், நானும் போய்விட்டேன். நீ ரெசிஸ்டர் என்று சொன்னது இப்போது காதில் அப்படியே கேட்கிறது. பழி உன் மேல் கிடக்கட்டும் என்று இத்தனை நாளாகச் சும்மா இருந்திருக்கிறேன், நானும் ஒரு தாய்.

அடுப்படியில் நின்றிருந்த நேரத்தில் இன்னும் என்னென்ன சொன்னாயோ, அதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. அவரோ கை ஆறுவதற்குள் அதே நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு மறுபடி உட்காரத் துடிக்கிறார். மேஜையின் ஃபியூஸைக் கழற்றி ஊசிநூல் டப்பாவில் ஒளித்துவைத்திருக்கிறேன், மூன்று நாளாகத் தேடுகிறார். எத்தனை நாளைக்கு இந்தத் திருட்டு? முழுப் பட்டியலையும் உன் கையாலேயே எழுதி அனுப்பு, சின்ன விஷயம் என்று எதையும் விட்டுவிடாதே.

நேரத்துக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். இரண்டு பேரும் ஒரு குறையுமில்லாமல் நீடூழி இருங்கள். உறையில் உன் முகவரியை எழுதுவது எப்போதும் அப்பாதானே, இந்தத் தடவை ஒட்டாமலே கொடுத்து, முதலில் இதைப் படியுங்கள் என்று சொல்லப் போகிறேன். எப்படிச் சொல்வேனோ தெரியவில்லை. இது உன் கைக்கு வந்து சேர்ந்தால், அவருக்குத் தெரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்.

உன் அம்மா