வாழைக்காய்க்கும் நாடி பார்த்த மணிக்கூடு

மச்சாள்,

இன்று காலை உன்னுடைய கைமணிக்கூட்டை ஒரு வாழைக்காயில் கட்டினேன். அண்ணன்தான் உங்கள் வீட்டிலிருந்து மணிக்கூட்டைக் கொண்டுவந்தார். "மகள் கட்டார்ல இருந்து போன் எடுத்தவள். சும்மாதானே கிடக்கு, மாமிக்குக் குடுக்கட்டாம்," என்று மேசையில் வைத்துவிட்டுப் போனார். நீ போய் ஆறு மாதமாகியும் அதை என் கையில் போட மனம் வரவில்லை. கறிக்கு வைத்திருந்த காயில் பட்டியை இறுக்கினேன். பின்பக்கத்துப் பச்சை வெளிச்சம் மினுங்கியது. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, வாழைக்காய்க்கு நாடி எழுபத்திரண்டு என்று காட்டியது. இந்தச் சாமானை நம்பித்தானே நீ செத்தாய்.

அதன் வித்தை பெரிய வித்தை ஒன்றும் இல்லை. இரத்தம் பச்சை ஒளியை விழுங்கும். ஒவ்வொரு துடிப்புக்கும் மணிக்கட்டில் இரத்தம் கூடிக் குறையும்போது, திரும்பி வரும் வெளிச்சம் குறைந்து கூடும். அந்த ஏற்ற இறக்கத்தை அது எண்ணுகிறது. வாழைக்காயில் இரத்தம் ஏது? ஆனாலும் ஏதோ ஒரு எண்ணைச் சொல்லாமல் அதற்கு இருக்க முடியாது. நீயும் அப்படித்தான். நாம் ஒரே வகுப்பில் படித்த காலத்திலேயே ரீச்சர் கேள்வியை முடிக்க முதல் கையை உயர்த்துவாய்.

கல்லடிப் பழைய பாலத்தில் விடியற்காலையில் நீ முன்னால் நடப்பாய், நான் பின்னால் இரைக்க இரைக்க வருவேன். பாலத்தின் அந்தத் தலைப்பில் நின்று போனைத் திறந்து, உன் இதயத் தகுதி "மிக நன்று" என்று ஊருக்கே கேட்க வாசிப்பாய். ஒரு கிழமை முழுக்க என் வயதையும் நிறையையும் போட்டு என் கையிலும் கட்டி நடக்கவைத்தாய். எனக்குக் "குறைவு" என்று வந்தது. "என்னகா இது, உன்ர நெஞ்சு கிழவிட நெஞ்சாக் கிடக்கு!" என்று மீன் வாங்க நின்ற சனத்துக்கு முன்னால் சிரித்தாய். அந்தச் சிரிப்பை நான் மன்னிக்கவில்லை. செத்துவிட்டாய் என்பதற்காக இப்போதும் மன்னிக்க மாட்டேன்.

பாமசியில் இருபது வருடம் மருந்துச் சீட்டைப் பார்த்துக் குளிசை எடுத்துக் கொடுத்தவள் நான். எனக்குத் தெரியும், அந்த மணிக்கூடு உன் இதயத்தின் பலத்தை நேராக அளக்கவில்லை. எவ்வளவு வேகமாக நடக்கிறாய், அப்போது நாடி எவ்வளவு ஏறுகிறது, வயது என்ன, நிறை என்ன என்று பார்த்து ஒரு மதிப்புப் போடுகிறது. வேகமாக நடந்தும் நாடி ஏறாவிட்டால் நல்ல பலமான இதயம் என்று எடுத்துக்கொள்ளும். உன் நாடி ஏறாததற்குக் காரணம் பலம் இல்லை. நெஞ்சிறுக்கம் வந்த பிறகு கிளினிக்கில் தந்த குளிசைதான் அதை ஏறவிடாமல் பிடித்து வைத்திருந்தது. குளிசைக்குக் கிடைத்த புகழை நீ உன்னுடையது என்று எடுத்துக்கொண்டாய்.

ஒரு திங்கட்கிழமை பாலத்தில் வைத்துச் சொன்னாய்: "இனி எனக்கு என்னத்துக்குக் குளிசை? நேத்தோட நிப்பாட்டிட்டன். உன்ர அண்ணனுக்குச் சொல்லிராத கா, மறுகா கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போயிருவார்."

அந்தக் குளிசையை ஒரேயடியாக நிறுத்தக்கூடாது; நெஞ்சு தாங்காது. முகம் தெரியாத எத்தனையோ பேருக்குப் பாமசியில் அதை இரண்டு தரம் மூன்று தரம் சொல்லி அனுப்பியிருக்கிறேன். உனக்கு "ஓம்" என்று மட்டும் சொன்னேன். ஏன் தெரியுமா? குளிசை நின்றால் உன் நாடி ஏறும். மணிக்கூடு உன்னையும் கீழே இறக்கும். பாலத்தின் அந்தத் தலைப்பில் உன் முகம் சுருங்குவதை ஒரு தரம், ஒரேயொரு தரம் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது. பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று இருந்தேன்.

செவ்வாய்க்கிழமை உன் நாடி ஏறியது. புதன்கிழமை இன்னும் ஏறியது. மணிக்கூட்டைத் தட்டித் தட்டிப் பார்த்தாய். "பட்டி தளர்ந்து போச்சுப் போல," என்றாய். "ஓம், இறுக்கிக் கட்டு," என்றேன் நான், சிரிப்பை அடக்கிக்கொண்டு. வியாழக்கிழமை பத்து மணிக்கு, தேங்காய் துருவிக்கொண்டிருந்த இடத்திலேயே சாய்ந்துவிட்டாய்.

செத்தவீடு முடிந்த அடுத்த கிழமை அண்ணன் உன் குளிசைப் பையோடு வந்தார். இருக்க வேண்டியதை விட மிச்சம் கூடுதலாக இருந்ததைக் கண்டுபிடித்திருந்தார். "நான்தான் காலையில எடுத்துக் குடுத்திருக்கோணும் தங்கச்சி. கவனிக்காம உட்டிட்டன். அவ நிப்பாட்டினது உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியாது அண்ணே," என்றேன்.

அவர் அதை நம்பினார். இப்போது ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் என்னையும் கூட்டிக்கொண்டு அமிர்தகழிக் கோவிலுக்குப் போகிறார். உன்னைக் கவனிக்காமல் விட்ட குற்றத்துக்குச் சாமியிடம் வாய்விட்டு மன்னிப்புக் கேட்கிறார். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.