திறந்து பார்க்காத பெட்டி

பக்கத்து வீட்டு மாடியில் இன்று காலை பழைய சேலைகளை வெயிலில் விரித்திருந்தார்கள். வெயில் ஏற ஏற, சூடான பழந்துணியின் வாசம் என் சமையலறைக்கு வந்தது. அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் இறந்து இரண்டு மாதமாகிறதாம். எனக்குத் தெரிந்தது மூன்று நாள் முன்புதான். சொல்லியனுப்ப வேண்டிய உறவாக என்னை யாரும் நினைக்கவில்லை. அது நியாயம்தான்.

எழுபத்து நாலோ ஐந்தோ, சித்திரை மாதம். அம்மா இறந்து எட்டு மாதத்தில் அப்பா உங்களைக் கட்டிக்கொண்டு, மலையாள எல்லையோரம் இருந்த எங்கள் சித்தூருக்கு வந்தார். எனக்குப் பதினொரு வயது; பள்ளிக்கூடம் லீவு. உங்களைச் சித்தி என்றுகூட நான் கூப்பிட்டதில்லை.

அதுவரை எங்கள் வீட்டில் அடுப்பெரிந்த நாள் குறைவு. அப்பா வயலிலிருந்து நேராகக் கள்ளுக்கடைக்குப் போவார். நான் பழைய சோற்றைத் தின்றுவிட்டுப் படுத்துக்கொள்வேன். நீங்கள் வந்ததும் வேளைக்குச் சோறு வந்தது. என் தலையில் பேன் ஒழிந்தது. ஒருநாள் வாசலை மறித்து நின்று அப்பாவிடம் சொன்னீர்கள்: "ஏனுங்க, குடிச்சுப்போட்டு வந்தா ஊட்டுல சோறு கெடையாதுங்க." ஒரு மாதம் அவர் குடிக்காமல் வந்தார். யாரிடமும் பேசாமலும் வந்தார்.

கிணற்றடியில் பக்கத்து வீட்டு அக்கா என்னைக் கேட்டாள்: "ஏங்கண்ணு, இவ வந்ததும் உன்ற அம்மாவ மறந்துட்டயாக்கும்?" அன்றிலிருந்து நீங்கள் போட்ட சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன்.

வைகாசிக் கடைசியில் அம்மாவின் பெட்டியில் கரையான் ஏறியது. நீங்கள் சேலைகளை எடுத்து உதறி, வேலியில் காயப்போட்டு, வேப்பிலை வைத்து மடித்துத் திரும்ப வைத்தீர்கள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பொழுது சாய அப்பா கள் வாடையோடு வந்தார். நான் ஓடிப்போய்ச் சொன்னேன்:

"அம்மா சேலையெல்லாம் கிழிச்சுக் கரித்துணி ஆக்கிட்டாங்கப்பா."

"ஏனுங்க, பெட்டிய ஒருக்காத் தொறந்து பாருங்க," என்றீர்கள். மூன்று முறை சொன்னீர்கள். பெட்டி அவர் காலடியில்தான் இருந்தது.

"எம்புள்ள பொய் சொல்லாது. விடிஞ்சதும் உங்கண்ணன் ஊட்டுக்குப் பொறப்படு."

காலையில் துணிப்பையோடு இறங்கியபோது என்னைத் திட்டுவீர்கள் என்று கதவுக்குப் பின்னால் நின்றேன். "வாசல்ல மொளகா காயுது. மழ வந்தா எடுத்து வெச்சுரு," என்று மட்டும் சொன்னீர்கள். தள்ளிப்போயிருந்த எடவப்பாதிப் பருவமழை அந்த வாரமே பிடித்தது. அப்பா பழையபடி கடைக்குப் போகத் தொடங்கினார். நான் பழையபடி பழைய சோறு தின்றேன்.

எனக்குக் கல்யாணமான பிறகு ஒருமுறை கஞ்சிக்கோடு பஸ் நிறுத்தத்தில் உங்களைப் பார்த்தேன். கையில் சோற்றுத் தூக்குப்போசி. ஏதோ கம்பெனியில் வேலை என்றீர்கள். நான் அழுதுகொண்டே அந்தப் பொய்யைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். நீங்கள் பொறுமையில்லாமல் கையை ஆட்டினீர்கள்.

"உங்கப்பனுக்கு அன்னைக்கே தெரியும் கண்ணு. பஸ் ஏத்திவுட வந்தவரு சொன்னாரு, 'புள்ள சொன்னது பொய்யின்னு தெரியும். ஆனா எனக்கு நீ ஒத்துவர மாட்டே'ன்னு."

கல்யாணப் பந்தலில்கூட, "எம்பொண்ணு வாயில பொய்யே வராது" என்று சம்பந்திகளிடம் என்னைப் புகழ்ந்தவர் அவர். அவருக்குத் தேவைப்பட்டது ஒரு சாட்சி. பதினொரு வயதில் நான் அதற்குப் போதுமானவளாக இருந்திருக்கிறேன். அவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. அவரைக் காட்டி என்னைக் கழற்றிக்கொள்ளவும் முடியவில்லை.

"ஊட்டுக்கு வாங்க," என்றேன் அன்று.

"எந்த ஊட்டுக்குக் கண்ணு?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டீர்கள். அதற்குள் உங்கள் பஸ் வந்துவிட்டது.